வர்சான் முத்திரை

மாசி 3, ஞாயித்துக்கெழமை

ஏ அரியநாச்சி, நல்லாருக்கியா? முட்டுவலி எப்படியிருக்கு? காலையில எந்திரிச்சதும் பச்சத்தண்ணியில கால வைக்காதன்னு சொன்னா நீ எங்க கேக்கப்போற. சோதி ஒழுங்காச் சாப்புடுறாளா? கருத்த வெள்ளாடு குட்டி போட்டுருச்சா?

எழுதத் தெரிஞ்சவனா இருந்தா காயிதத்துல எழுதி வச்சிருப்பேன். செல்லுலதான் பேசி வைக்கிறேன். இங்க பட்டியில ஆட்டு டாக்டரம்மா ஒண்ணு இருக்கு, ஹோதன்னு பேரு. மைக்குப் படத்த அமுக்கிட்டுப் பேசு, தேதியோட உள்ள கெடக்கும்னு அதுதான் காமிச்சுக் குடுத்துச்சு. இங்கேருந்து நம்ம ஊருக்கு லைனு போகாது. இந்த நாட்டுக்கு போன் நம்பர் குடுக்க மத்த நாட்டுக்காரக ஒத்துக்கலையாம். பக்கத்து நாட்டுல கால வச்சாத்தான் டவர் வரும். அப்ப மொத்தமா ஒன் செல்லுக்கு வந்து சேரும். அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டே இருக்கேன். நீ கேக்குற மாதிரி நெனச்சுக்கிட்டா எனக்கும் பொழுது போகுது.

இந்த நாட்டுப் பேரு வர்சான். நீ யாருகிட்டயும் விசாரிச்சுப் பாக்காத, அப்படி ஒரு நாடே இல்லம்பாக. ஆனா நான் இந்தா ஒக்காந்துருக்கேன். எதுத்தாப்புல கடல் பாலு மாதிரி வெளுத்துக் கெடக்கு. காத்து அடிச்சா உப்பு நாக்குல ஒட்டுது. போலீஸ் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, தொறைமுகத்து முக்குல ஒரே ஒரு செவப்பு லைட்டு இருக்கு. வண்டி ஒண்ணுமே வராட்டியும் அந்த லைட்டுக்கு எல்லாரும் நிக்கிறாக. நம்ம பரமக்குடியில நாலு லைட்டு இருக்கு, எவன் நிக்கிறான்?

சொல்ல வந்தத விட்டுட்டேன் பாரு. நேத்து ஆட்டுக் கப்பல் வந்துச்சு. அதுல சமையக்காரரு நம்ம தொண்டி சீனிமுகம்மது. அந்தக் கரையில இருந்தப்ப ஒன்கிட்டப் போன்ல பேசுனாராமே. நீ சொல்லிவிட்டத வரி மாறாமச் சொன்னாரு. சோதியப் பாத்துட்டுப் போன மாப்ள வீட்டுல சம்மதம். பங்குனி நாலு, புதன்கெழமை வெத்தல மாத்தலாம்னுட்டாக. ஆனா பொண்ணோட தகப்பன் சபையில வந்து பாய்ல ஒக்காரணும், ஒக்காரலன்னா அந்தச் சம்பந்தமே வேண்டாம்னு கண்டிசனாச் சொல்லிட்டாகளாம்.

வந்துருவேன். என் வேலைத் தவண மாசி இருவதோட முடியுது.

மாசி 7, வியாழக்கெழமை

இன்னைக்கு எரநூறு செம்மறிக்குக் காதுல வில்ல குத்துனோம். அதுகள இருபத்தோரு நாள் இங்க கட்டிவச்சு, நோயில்லன்னு பாத்துத்தான் கப்பலேத்தணும். அக்கரையில பெருநாளைக்கு அறுக்குற ஆடெல்லாம் இங்கேருந்து போறதுதான். ஆட்டுக்குப் போடுற காயிதத்துல எந்த நாடுங்குற எடத்துல ஒரு கோடு மட்டும் போட்டுருக்கும். தொறைமுகத்துப் பேரு இருக்கும், ஊரு பேரு இருக்கும், ஆட்டோட பல்லுக் கணக்குக்கூட இருக்கும், நாடு மட்டும் கோடு. வாங்குறவுகளுக்கு இந்த ஆட்டுக்கறி வேணுமாம், நாடு வேண்டாமாம்.

சாயங்காலம் கடக்கரையில பந்து விளையாண்டாக. வர்சானுக்குன்னு ஒரு டீமு இருக்கு, பச்சச் சட்ட, முதுகுல நம்பரு. ஆனா எந்த நாடும் இவுககூட விளையாட வராது. அதனால அவுகளே ரெண்டாப் பிரிஞ்சு, பாதிப்பேரு வர்சானு, பாதிப்பேரு அன்னைக்கு நெனச்ச நாடு. இன்னைக்கு இந்தியான்னாக. என்னையக் கூப்புட்டு இந்தியாப் பக்கம் ஒக்கார வச்சாக. மூணுக்கு ஒண்ணு. நாமதான் தோத்தோம்.

இத நெனக்கிறப்ப நான் வந்து எறங்குன நாள் ஞாபகம் வருது. ஆவணியில பக்கத்து நாட்டு ஏர்ப்போட்டுல எறங்கி, ஒரு பகல் முழுக்க லாரியில வந்தேன். எல்லையின்னா மதிலு இல்ல, ரோட்டுக்குக் குறுக்க ஒரு கயிறு. இங்கிட்டு ஒரு தகரக் கொட்டகை. அதுல தாஹிருன்னு ஒரு அதிகாரி, வெயிலுல வெந்தாலும் கழுத்துப் பட்டன் போட்டுருப்பாரு. என் பாஸ்போட்ட வாங்கிப் பாத்துட்டு, தனியா ஒரு துண்டுக் காயிதத்துல முத்திரையப் போட்டு உள்ள சொருகிக் குடுத்தாரு.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. சவுதிக்குப் போனப்பயெல்லாம் புத்தகத்துலயே அடிச்சாக. எங்க பெரியப்பா மகன் ஊருக்கு வந்தான்னா அந்தப் புத்தகத்த விரிச்சுத்தான டீக்கடையில ஒக்காருவான். நான் சவுதியில ஆடு மேய்ச்ச அரபியில கேட்டேன், ஏன்யா, நான் என்ன ஏப்பசாப்பையா, எனக்கும் புத்தகத்துலயே அடின்னு. அந்தாளு என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. திரும்பியும் கேட்டாரு, நெசமாவா, இதுலயேவான்னு. ஆமான்னேன். உள்ள இருந்த எல்லாரையும் கூப்புட்டாரு. டீ வந்துச்சு. எந்தப் பக்கத்துல அடிக்கிறதுன்னு அவுகளுக்குள்ள ஒரு பஞ்சாயத்து. கடைசியில ஒரு வெத்துப் பக்கத்தப் பாத்து, மைய ஊதி ஊதி, நம்ம ஆளுக சாமிக்குச் சந்தனம் வைக்கிற மாதிரி வச்சாரு. பச்ச மை, நடுவுல ஒரு மரம், சுத்தி எழுத்து. நிமிந்தப்ப அந்தாளு கண்ணு கலங்கியிருந்துச்சு. புழுதியின்னு நெனச்சேன்.

மாசி 10, ஞாயித்துக்கெழமை

மழ தூறுச்சு. ஆடெல்லாம் ஒரே மூலையில போயி ஒட்டிக்கிச்சு. வேற ஒண்ணுமில்ல.

மாசி 12, செவ்வாக்கெழமை

டிக்கெட் போடுறதுக்குக் கம்பெனிக் கணக்கப்பிள்ளைகிட்ட பாஸ்போட்டக் குடுத்தேன். ஒவ்வொரு பக்கமா தள்ளிக்கிட்டு வந்தவன் ஒரு எடத்துல கையத் தீயில வச்ச மாதிரி எடுத்துட்டான். இத எவன் இதுல அடிச்சான்னு கேட்டான். நான்தான் கேட்டு வாங்குனேன்னு சொன்னேன். தலையில கைய வச்சுக்கிட்டான்.

வெவரம் இதுதான் நாச்சி. பக்கத்து நாட்டுக்காரக வர்சானத் தன் நாட்டுல பிரிஞ்சுபோன ஒரு துண்டுன்னுதான் சொல்லுவாக. இந்த முத்திர இருக்குற புத்தகத்த அவுக கையில வாங்குனா, அப்படி ஒரு நாடு இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அதனால திருப்பி அனுப்பிருவாக. வெளியூருக்காரக எல்லாருக்கும் துண்டுக் காயிதத்துல அடிக்கிறது அதுக்குத்தான். தாண்டுனதும் கிழிச்சுப் போட்டுருவாகளாம். இத்தன வருசத்துல புத்தகத்துலயே அடின்னு கேட்ட முட்டாப்பய நான் ஒருத்தன்தானாம்.

விமானம் அங்கேருந்துதான். நம்ம இந்தியா ஆபீசும் அங்கதான் இருக்கு. இங்க யாரு ஆபீசும் இல்ல. வேற புத்தகம் வாங்கலாம்னாலும் கயித்தத் தாண்டணும்.

பங்குனி நாலுக்கு இன்னும் இருபத்தி ரெண்டு நாள் இருக்கு. நீ வெசனப்படாத.

மாசி 17, ஞாயித்துக்கெழமை

அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சுரலாம்னு ஒருத்தன் சொன்னான். பக்கத்துக்குப் பக்கம் நம்பரு இருக்காம், கிழிச்சா செயிலுதானாம். ஆட்டுக் கப்பல்லயே போயிரலாம்னு சீனிமுகம்மது சொல்லியிருந்தாரு, அக்கரையில எறங்க விசா வேணுமே.

டாக்டரம்மா கேட்டுட்டுச் சிரிச்சுச்சு. அப்பறம் வருத்தப்பட்டுச்சு. நாப்பது வயசிருக்கும், தலையில துணியச் சுத்திக்கிட்டு, ஆட்டு வாயில கைய விட்டுக்கிட்டே பேசும். நான் கேட்டேன், எவனும் ஏத்துக்கலன்னா நீங்க எப்படித்தான் பொழைக்கிறீகன்னு. அது சொன்னதுல எனக்குப் புரிஞ்சத மட்டும் சொல்றேன். கோட்டு போட்ட ஆளுக ஆறு மாசத்துக்கு ஒருக்க வருவாகளாம். கடல்ல கொள்ளக்காரன் வராமப் பாத்துக்கன்னு கேப்பாகளாம், தொறைமுகத்துல எடம் கேப்பாகளாம், ஆடு கேப்பாகளாம். நல்லா டீ குடிப்பாகளாம். மேசையில கொடி இருந்தா மட்டும் எடுக்கச் சொல்லிருவாகளாம், போட்டா எடுத்துக்க மாட்டாகளாம். தபாலு போகணும்னா சாக்குல கட்டி பக்கத்து நாட்டுக்கு அனுப்புனா, அவன் தன் நாட்டுத் தபால்தலைய ஒட்டி அனுப்புவானாம். பள்ளிக்கூடத்துக்கு விலைக்கு வாங்குற ஒலகப் படத்துல இந்த நாடு இருக்காது, வாத்தியாரம்மா பேனாவால எல்லக் கோடு போட்டுத்தான் சுவத்துல மாட்டுமாம். எல்லாருக்கும் எங்ககிட்டக் காரியம் இருக்கு, பேரச் சொல்லத்தான் மாட்டாங்கன்னுச்சு.

நம்ம ஊர்லயும் யாரு வீட்டுல வலி எடுத்தாலும் ஒன்னியத்தான ஓடி வந்து கூப்புடுவாக. எங்க அண்ணன் மருமக பேறுகாலத்துக்குக்கூட ராத்திரி பகலா நீதான கெடந்த. புள்ளைக்குப் பேரு வைக்கிற அன்னைக்கு என்னைய மட்டும் வந்து கூப்புட்டாக. பத்திரிகை வைக்க வர்றவுக ஒன் வாசல்ல நின்னுதான் என்கிட்டக் குடுப்பாக, ஒன் கையால மோரும் வாங்கிக் குடிப்பாக. கவர்ல பேரு எங்க அண்ணன் குடும்பத்தோட சேத்து எழுதியிருக்கும். ரேசன் கார்டுலயும் நான் அங்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஒரு தடவகூட கேட்டதில்ல.

இத எதுக்குச் சொல்ல வந்தேன்? மறந்துபோச்சு. சினை ஆடு ஒண்ண ஒதுக்கிக் கட்டணும்.

மாசி 18, திங்கக்கெழமை

சோதிக்குத் தோடு எந்த மாதிரி பிடிக்கும்னு எனக்குத் தெரியல. இத்தன வருசம் பாத்திருக்கேன், தெரியல.

மாசி 21, வியாழக்கெழமை

தவண நேத்தோட முடிஞ்சுபோச்சு. இன்னைக்கு மத்தியானம் தாஹிரு பட்டிக்கே வந்துட்டாரு. தேச்ச சட்ட, பாலீசு போட்ட சூ. ஆட்டுப்புழுக்கையில மிதிக்காம எட்டெட்டு வச்சு வந்ததப் பாத்துப் பயலுகெல்லாம் சிரிச்சானுக. கக்கத்துல ஒரு தகரப் பெட்டி.

கயித்துக்கு அங்கிட்டு இருக்குற அதிகாரிக்கு ஆளனுப்பிக் கேட்டுருக்காரு. ரெண்டு பேரும் ஒரே வம்சந்தான், அந்த அதிகாரியோட தங்கச்சிய இங்கிட்டுத்தான் கட்டிக் குடுத்துருக்கு. அங்கேருந்து வந்த பதிலு என்னன்னா, அடிச்சவனே அந்த முத்திர மேல குறுக்கக் கோட்டப் போட்டு, இது தப்பா அடிச்சது, செல்லாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா விட்டுர்றேன்னுருக்காரு.

முப்பது வருசமா இவுக ஆபீசுல ஒருத்தரும் அந்த வார்த்தைய எழுதுனதில்லையாம். இதுக்காக ஒரு தடவ சண்டையே நடந்துருக்கு, தாஹிரோட அண்ணன் அதுல செத்துப்போனாருன்னு டாக்டரம்மா பின்னால சொல்லுச்சு. ஆனா மனுசன் ஒண்ணுமே நடக்காத மாதிரி தீவனத் தொட்டி மேல ஒக்காந்து, மடியில பெட்டிய வச்சு, பேனா மூடியக் கழட்டுனாரு. எந்தப் பக்கம்னு என்னையக் கேட்டாரு. அவருக்குத் தெரியாதா? ஊதி ஊதி அடிச்சவராச்சே.

"வேணாம் தாஹிரு" ன்னேன்.

"உன் பொண்ணு காரியம். எழுதுறதுக்கு ஒரு நிமிசம்" ன்னாரு.

"நீ எழுதாத. எழுதுனா நான் அந்தப் புத்தகத்தத் திரும்ப வாங்கமாட்டேன்."

என்னையப் பைத்தியக்காரனப் பாக்குற மாதிரி பாத்தாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். மக வெத்தலைக்குப் பதிமூணு நாள்தான் இருக்கு, எவனோ ஒருத்தன் நாடு இருந்தா என்ன, போனா என்ன? ஆனா அந்தப் பேனா முனை காயிதத்துக்கிட்டப் போனப்ப நான் கைய வச்சுப் புத்தகத்த மூடிட்டேன். அந்தாளு போனதும் தொட்டியில ஒக்காந்து யோசிச்சேன். யோசன எங்க போனாலும் நம்ம ஊரு கூடுற மந்தையிலதான் வந்து நிக்குது.

ஒனக்கு ஞாபகமிருக்கும். எனக்கும் இருக்கு. இருக்குன்னு ஒன்கிட்ட நான் காட்டிக்கிட்டதில்ல. எங்க அண்ணன் என் பங்கு ரெண்டு குறுக்கம் நெலத்தக் குடுக்க மாட்டேன்னு ஊரக் கூட்டுன அன்னைக்கு. தாலியறுத்தவள, வேற சனத்துக்காரிய வச்சிருக்கவனுக்குப் பங்கு கெடையாதுன்னாரு. அப்படி ஒண்ணுமில்லன்னு சபையில சொல்லட்டும், குடுத்துர்றேன்னாரு. நான் எந்திரிச்சுச் சொன்னேன். அந்தப் பொம்பளைக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல, சோறாக்கிப் போடுது, அம்புட்டுத்தான்னு. நீ வேப்பமரத்துக்கிட்ட நின்ன. சோதிக்கு எட்டு வயசு, ஒன் முந்தானையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நெலம் கெடச்சிருச்சு.

சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன், நீ கருவாட்டுக் கொழம்பு வச்சிருந்த. ஏதாவது பேசுவ, திட்டுவ, சட்டியத் தூக்கி எறிவன்னு பாத்தேன். நீ சோத்தப் போட்டு வச்ச. உப்பு சரியா இருந்துச்சு நாச்சி. அதத்தான் என்னால இன்னைக்கு வரைக்கும்...

ஆடு கத்துது. போயிப் பாக்குறேன்.

மாசி 24, ஞாயித்துக்கெழமை

கடல் இன்னைக்கு அசையவே இல்ல. பட்டிக்கு மேல வெள்ள வெளேர்னு ஒரு பறவக் கூட்டம், எங்க எறங்குறதுன்னு தெரியாம சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். கண்ணசந்தப்ப ஒன் வீட்டு வாசல்ல நான் நிக்கிறேன், நீ உள்ளேருந்து யாருன்னு கேக்குற, எனக்கு என்ன சொல்றதுன்னு வாயி வரல. முழிச்சுட்டேன்.

டாக்டரம்மா வந்து, வியாழக்கெழமை வரைக்கும் பொறுன்னுச்சு. வியாழக்கெழமைதான் கயித்துக்கிட்டச் சந்த கூடும். அன்னைக்கு ரெண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரே டீக்கடையில ஒக்காருவாகளாம். காயிதத்துல எழுத முடியாத காரியமெல்லாம் அங்கதான் முடியுமாம். களவுபோன ஒட்டகம், ஓடிப்போன பொண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போற நோயாளி, எல்லாம். ஒருத்தரும் கையெழுத்துப் போடமாட்டாக, ஒருத்தரும் வார்த்த மாறமாட்டாக.

மாசி 28, வியாழக்கெழமை

நாச்சி, தாண்டிட்டேன். கயித்துக்கு இந்தப் பக்கம், ஒரு கருவேல மரத்தடியில நின்னுக்கிட்டுப் பேசுறேன். வேனு, ஆளு சேர்றதுக்காக நிக்கிது. சனிக்கெழமை விமானம், பங்குனி ஒண்ணு ஞாயித்துக்கெழமை மதுரையில எறங்கிருவேன்.

நடந்தத முழுசாச் சொல்லிர்றேன். டீக்கடையில அந்த அதிகாரி, தாஹிரு, டாக்டரம்மா, நான். அந்த அதிகாரி நல்ல பருமனான ஆளு, காதுல முடி. தங்கச்சி எப்படியிருக்கா, மச்சான் இருமல் நின்னுச்சா, மழ உண்டான்னு ரொம்ப நேரம் பேச்சு. என் சங்கதிய யாருமே எடுக்கல. எனக்கு வேர்த்து ஊத்துது. டாக்டரம்மா பாட்டுக்கு ஆட்டுக் கத சொல்லுது. ஆட்டுக் காயிதத்துல நாடுங்குற எடத்து மேல கம்பெனிச் சீட்டப் பாத்து ஒட்டுனா, எந்த ஆடும் எந்த நாட்டுக்கும் போகும்னு சொல்லிட்டு டீயக் குடிச்சுச்சு. அந்த அதிகாரி கண்ணு ஒரு தடவ டாக்டரம்மா மேல போயிட்டு வந்துச்சு.

அப்பறம் கைய நீட்டுனாரு. என் புத்தகத்த வாங்கிப் பக்கத்தத் தள்ளுனாரு. அந்தப் பச்ச மரம் இருக்குற பக்கம் வந்துச்சு. அதுல அவரு வெரலு நின்னுச்சு. தாஹிரு தரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அந்தாளு அந்தப் பக்கத்த நல்லா உத்துப் பாத்துட்டு, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுட்டு, சத்தமாவே சொன்னாரு:

"இந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கு."

பையிலேருந்து அவுக நாட்டு விசாச் சீட்ட எடுத்தாரு. உள்ளங்கை அகலம் இருக்கும். முத்திரைக்கு நேரா வச்சு ஒட்டி, கட்ட வெரலால நாலு ஓரமும் அழுத்துனாரு. ஒரு எடத்துல பச்ச மை கொஞ்சூண்டு வெளிய தெரிஞ்சுச்சு. நகத்தால சீட்ட அங்கிட்டு நகத்துனாரு. முடிஞ்சுபோச்சு.

கயித்துக்கிட்ட வந்ததும் தாஹிரு கேட்டாரு, மை கலைஞ்சிருச்சான்னு. இல்லய்யா, அடியில பத்திரமா இருக்குன்னேன். தலைய ஆட்டிக்கிட்டாரு. கழுத்துப் பட்டன சரி பண்ணிக்கிட்டாரு. அவருக்கு அது போதும்போல. மேல எவன் சீட்ட ஒட்டுனாலும் அடியில நாங்க இருக்கோம்ல, அப்படி. அந்தாளு அதுலயே ஒரு ஆயுசப் பொழைச்சுருவாரு.

நீயும் அப்படித்தான் பொழைச்ச. இருபத்தோரு வருசமா ஒன் மேல சீட்ட ஒட்டுனவன் நான்தான்.

அதனால இதக் கேட்டுக்க. அண்ணன் வந்து, நான் முன்னால ஒக்காந்து வெத்தல மாத்துறேன், நீ அடுப்படியில நில்லுன்னு சொல்லுவாரு. நிக்காத. பாய்ல நீதான் என்கூட ஒக்காரணும். அதுக்கு முன்ன, பங்குனி ரெண்டு திங்கக்கெழமை, வெள்ளன வெளிச்சம் வந்ததும், நீ, நான், சோதி மூணு பேரும் அய்யனார் கோயில்ல போயி... இல்ல, அங்க வேணாம், அங்க ஒரு ஈ காக்கா இருக்காது. மந்தைக்குப் போவோம். எல்லாரையும் வரச்சொல்லிவிடு. வர்றவுக வரட்டும், வராதவுக இருக்கட்டும். மஞ்சக் கயிறு நான் மதுரையிலயே வாங்கிட்டு வந்துர்றேன். அதே எடத்துல நின்னு சொல்லப்போறேன், நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி, இவ அரியநாச்சி, என் பொண்டாட்டி, இந்தப் புள்ள எங்க புள்ளன்னு. மாப்ள வீட்டுக்காரகளுக்கும் முன்னமே தெரியட்டும். தெரிஞ்சு வேண்டாம்னா, அது அவுக பாடு. சோதிகிட்டக் கேட்டுக்க. அவ சரின்னாத்தான். அவ என் மூஞ்சியப் பாக்க மாட்டேன்னாலும் நாயந்தான்.

இந்த வயசுல மஞ்சக் கயிறான்னு கேப்ப நாச்சி. சிரிக்காத.

இன்னொண்ணு. சவுதியிலேருந்து வந்தப்ப ஒனக்கு ஒரு அரக்குப் பட்டு வாங்கிட்டு வந்தேன்ல. எங்க கட்டிக்கிட்டுப் போறதுன்னு கேட்டுட்டுப் பெட்டியில வச்ச. மந்தைக்குத்தான், இதுக்குத்தான். பெட்டியிலயே கெடந்து மடிப்புல இத்துப்போயிருக்கும், இன்னைக்கே எடுத்து நெழல்ல காத்தாட... இந்தா வந்துட்டேன்யா, ஆரன அடிக்காத... நாச்சி, டிரைவரு கூப்புடுறாரு, நான் ஏறணும், நீ அந்தச் சேலைய எடுத்து மெதுவா, இழுத்துறாம, ஒரு மடிப்பு ஒரு மடிப்பா